மடிப்பில் கிடக்கும் பாறை

மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே
ஏரி இன்னும் கெட்டியாகக் கிடக்கிறது,
அதன்மேல் யாருடைய காரோ போகிறது.
சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
மூலைக்கொன்றாகப் பாரம் வைத்தேன்:
உப்பு ஜாடி, காப்பிக் குவளை,
நரம்பு சுற்றிய சுருள்,
இன்னும் கட்டாத மின்கட்டண ரசீதுக் கத்தை.

வரைபடம் இரண்டு தாள்.
வீடு பிரிந்தபோது வடக்குத் தாள் என்னோடு வந்தது,
தெற்கு கௌக்கோவோடு போனது.
யாரும் யோசித்துப் பிரிக்கவில்லை;
ஒன்று என் அலமாரியில் இருந்தது, மற்றது அவன் காரில்.
படகை மட்டும் வக்கீலாலும் அறுக்க முடியவில்லை.
அலுமினியம், ஐந்து மீட்டர், பதினைந்து குதிரைத்திறன்.
கோடையில் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆகவே குவோபியோவில் நான் படகை இறக்குவேன்.
ஏரி, கால்வாய், ஏரி, மதகு, மறுபடி ஏரி என்று
மாடிப்படி இறங்குவதுபோலத்
தண்ணீரோடு தெற்கே இறங்கி,
கெர்மா ஏரியில் அவனிடம் ஒப்படைக்க வேண்டும்.
அங்கிருந்து சவோன்லின்னாவரை அவன் பாடு.

கார்வியோ வேகநீருக்குத் தனிச் சீட்டு.
அங்கே ஒரு முழு நாள், இடுப்பளவு தண்ணீரில்.
பெட்ரோல் இரண்டு கேன். கம்புரொட்டி. கொசுவலை.
மீன்வலை வேண்டாம்,
எனக்குத் தூண்டில் போதும்,
அடிக்கிறதா இல்லையா என்று
விரல் நுனியில் தெரிய வேண்டும்.

தாளின் தென்விளிம்பில் கெர்மா பாதியில் நின்றுவிடுகிறது.
ஏழு மீட்டர், ஐந்து, மூன்று,
அப்புறம் மேசை.
மேசையின் மரவரிகளும்
ஆழக்கோடுகளைப் போலத்தான் வளைந்து போகின்றன,
அதை நம்பிப் படகு விட முடியுமா?

ஃபோன் செய்தேன்.
"உன் தாளை எடு."
தாள் பிரியும் சத்தம். ஒரு நாய் குரைத்தது.
அவன் நாய் வளர்ப்பது எனக்குத் தெரியாது.
"மூன்று மீட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது?"
"உனக்கு எங்கே முடிகிறது?"
"விளிம்பில் ஒரு கூட்டல் குறி. அதில் ஒரு கைதான் இருக்கிறது."
"மற்ற மூன்று கை என்னிடம்" என்றான்.
"அதேதான்."

அதேதான்.
பதினோரு வருஷத்துக்கு முன்
எங்கள் விசிறியைத் தின்ற பாறை.
ஒன்பது மணி நேரம் மிதந்தோம்,
வாணலி மூடியால் துடுப்புப் போட்டான்.
சுக்கான் உன் கையில் இருந்தது என்று அவன் சொல்லுவான்,
வரைபடம் உன் மடியில் இருந்தது என்று நான்.
இரண்டும் நிஜம்.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது
வளைந்துபோன தூண்டில் முனையை.
குஹா மீன், நாலரைக் கிலோ,
கண்ணாடிக் கோலி மாதிரிக் கண்.
அதை யார் பிடித்தது என்பதில்
இன்றுவரை தீர்ப்பில்லை.

"மேற்கே ஒதுங்கி வா. கிழக்கில் வராதே."
"எவ்வளவு ஒதுங்க?"
"பொறு, பென்சில் இருக்கிறதா?"

அவன் சொல்லச் சொல்ல
தாளைத் தாண்டி மரத்தில் வரைந்தேன்.
ஒரு முனை. நாணல். இரண்டு மீட்டர் திட்டு.
அப்புறம் திடீரென்று சரிவு.
"இங்கே ஒரு குழி, பன்னிரண்டு மீட்டர்.
ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும் இல்லையா,
அந்த நேரத்தில் அவை மேலேறி வரும்."

"அது உன் பாதி" என்றேன்.

"மீன் வக்கீலைக் கேட்டா நீந்துகிறது?"

நாய் மறுபடி குரைத்தது. பெயர் கேட்கவில்லை.
ஜூலை ஒன்பது, தென்கரைப் படகுத்துறை,
டேங்க்கை நிரப்பிக் கொடு என்றான்.
சரி என்றேன்.
முந்தைய ராத்திரி நான் எங்கே இருப்பேன் என்று
அவனும் கேட்கவில்லை.

வைத்த பிறகு, கோட்டை முடிக்க
காப்பிக் குவளையை நகர்த்தவேண்டி வந்தது.
அது நின்ற இடத்தில் ஒரு பழுப்பு வளையம்,
குழி சரியாக அதற்குள் விழுந்தது.
துடைக்கவில்லை.
பக்கத்தில் 12 என்று எழுதினேன்.