பழையதைக் காட்டு

துலூத் நகரில் ஜனவரி.
ஏரி உறைந்து நாலு வாரம்.
சமையலறை மேசையில் கணினி,
சுருதி சேராமல் இரையும் அதன் விசிறி,
எதிரே மார்லிஸ் ஹௌகன்.

பாதி விலைக்குக் கிடைத்த மேம்பாட்டுத் தட்டு.
முழுத்தட்டு வாங்க வக்கில்லாமல் இல்லை.
துறைமுகத்தில் இரும்புத்தாது எடைபோடுகிறவள்,
கை அப்படிப் பழகிவிட்டது.

ஏற்கெனவே எல்லாவற்றையும் அழித்திருந்தாள்.
அழிக்கட்டுமா என்று இரண்டு தரம் கேட்டது.
இரண்டு தரமும் ஆம்.
சேர்ந்து கட்டிய ஏழு வருட வரிக்கணக்கு,
ஒரே அருவியின் நூற்று நாற்பது படம்,
பனியில் துளைத்த எந்தக் குழியில்
எத்தனை மீன் என்று ஆர்லோ எழுதிவந்த பட்டியல்.
ஒரு காப்பி ஆறும் நேரம்.

பிறகு நீலத் திரையில்:
தகுதியைச் சரிபார்க்க வேண்டும்,
முந்தைய பதிப்பின் தட்டை இடவும்.

முதலில் சிரிப்புதான் வந்தது.
துடைத்து மெழுகி உட்கார்ந்திருக்கிறவளிடம்
பழசு இருந்ததற்குச் சாட்சி கேட்கிறது.

பாகம் பிரித்தபோது
நாய் அவனுக்கு, கணினி இவளுக்கு.
தட்டுப் பெட்டியைப் பற்றி
இரண்டு வக்கீல்களும் வாய் திறக்கவில்லை.

மைனஸ் இருபத்தாறு.
மூன்றாம் தடவை உறுமியது வண்டி.
பாலத்தின் மேல் காற்று
கதவோடு தோள் கொடுத்து வந்தது
விஸ்கான்சின் கரை வரைக்கும்.

கம்பளிக் காலுறையோடு திறந்தான்.
எதற்கு என்றான்.
காட்டிவிட்டுத் தந்துவிடுகிறேன் என்றாள்.
யாருக்குக் காட்ட என்று அவன் கேட்கவில்லை,
கராஜில் போய் உருட்டினான்.
நாய் அவள் பூட்ஸை முகர்ந்தது,
சுற்றிவந்து இன்னொரு தரம் முகர்ந்தது,
அப்புறம்தான் வாலை ஆட்டியது.

ஆணி டப்பாக்களுக்கு அடியிலிருந்து வந்தது.
உறைமேல் கறுப்பு மையில்
அவளுடைய கையெழுத்தேதான்:
தொலைத்துவிடாதே.

வீட்டில், கோட்டைக் கழற்றாமலே செருகினாள்.
அரை நிமிடம் சுழற்றிப் பார்த்தது.
ஒரு கோப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.
இருந்தது, சரி, என்பதுபோல்
வெளியே துப்பியது.

அதன்பின் எல்லாம் சுலபம்.
நேரம் கேட்டது, சொன்னாள்.
பெயர் கேட்டது.
மார்லிஸ் என்று அடித்தாள்,
அடுத்த கட்டத்தில் கம்பி மினுக்கிக்கொண்டு நின்றது,
விட்டுவிட்டு மேலே போனாள்.
ஏற்றுக்கொண்டது.

இரவு இரண்டரை. திரையில்
குப்பைத்தொட்டி மட்டும், காலியாக.
கால்சட்டையில் நாய்முடி.

தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.
உறையிலிட்டு, கரண்டிகளோடு
இழுப்பறையில் வைத்தாள்.
இதுவும் ஒருநாள் இறுகி நின்றுபோகும்.
அன்றைக்கும் கேட்கும்.