வலைக்கண்

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மூன்றாவது கடை.
மணி தொங்கியது, முயல் படம் போட்டது,
முழ உயரத்துக்கு மெத்தை வைத்தது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன் நான்.

சதாகரன் குனிந்து
தொட்டில் கம்பிகளுக்கிடையே விரல்களை நுழைத்தான்.
மூன்று. நான்கு.
"பெரிய கண்" என்றான்.
"வலையில தலை போகும், உடம்பு நிக்கும்.
இதில பிள்ளைக்கு
உடம்பு போகும், தலை நிக்கும்."

கடைக்காரர் சிரித்தார்.
இரவெல்லாம் வாவியில் வலை இழுக்கிறவன்
சிரிக்கவில்லை.

மூன்று விரல் தொட்டில்
ஆறாவது கடையில் கிடைத்தது, முயல் இல்லாமல்.
தலையணையை அங்கேயே விட்டோம்.
என் கட்டிலோடு இடைவெளியின்றி அணைத்து
காலோடு காலாகக் கட்டினான்,
தோணிக்குப் போடும் முடிச்சு.

இன்று ஒன்பதாம் நாள்.
அவன் தொழிலுக்குப் போய்விட்டான்.
வெறும் மெத்தையில் மல்லாந்து
வாயைத் திறந்து மூடுகிறாள் மகள்,
மணலைக் குஞ்சு மாதிரி,
எதிலும் பிடிபடாமல்.