நாற்காலி இல்லை என்று சொன்னேன்

ஐந்து மாதமாய் நான் கோயிலுக்குப் போகவில்லை.
போன் அடித்தால் எடுப்பதில்லை.
எடுத்தாலும் ஸ்டான்லியில் இருக்கேன் என்பேன்.
பாதி நாள் அது உண்மையும்கூட.
செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ்.
மற்ற நாளெல்லாம்
செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் காத்திருப்பது.

"இந்த வாரம் வீட்டு ஜெபம் உங்க வீட்டுலக்கா."
பியூலா கேட்கவில்லை, சொன்னாள்.
உட்கார நாற்காலி இல்லையே என்றேன்.
பொய்யில்லை. நாலையும் விற்றாயிற்று,
பீரோவுக்குப் பிறகு,
தையல் மெஷினுக்கு முன்னால்.
சரிக்கா என்று வைத்துவிட்டாள்.
தப்பித்தேன்.

சனிக்கிழமை மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
இந்த மழையில் வியாசர்பாடிக்கு எவர் வருவார் என்று
விளக்கைக்கூடப் போடவில்லை.

ஆறரைக்குப் படிக்கட்டில் சத்தம்.
காலடிச் சத்தமில்லை,
சுவரில் எதுவோ இடித்து இடித்து ஏறி வரும் சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
ஆளுக்கொரு நாற்காலியைத்
தலையில் குடையாய்க் கவிழ்த்துக்கொண்டு
மூன்று மாடி ஏறுகிறார்கள்.

திமிர்வாதக்காரனை நாலு பேர்
கூரையைப் பிரித்து இறக்கினார்களாம்.
எங்கள் போர்டு பிளாக்கில் கூரை கான்கிரீட்.
வேறு வழியில்லை இவர்களுக்கு,
படிதான்.

நீலம், பழுப்பு,
முதுகில் பந்தல்காரர் பெயர் எழுதிய சிவப்பு,
நைலான் கயிற்றால் கால் கட்டிய ஒன்று.
சலூன் வைத்திருக்கும் ஞானமுத்து
சுழலும் நாற்காலியையே தூக்கி வந்திருந்தார்,
மூச்சு வாங்க.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பதினொரு நாற்காலி
எப்படிப் போட்டாலும் கொள்ளவில்லை.
எதிர்வீட்டு ஷமீம் தன் கதவைத் திறந்துவிட்டாள்.
இரண்டு பேர்
பாதி அவள் வீட்டிலும் பாதி வராந்தாவிலுமாக
வேதத்தை விரித்தார்கள்.

பாட்டு மூன்று சுருதியில் போனது.
மழை நாலாவது.
நான் பாடவில்லை,
பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெப நேரம்.
யாபேஸ் எழுந்தான், கூரியர் கொடுக்கிற பையன்.
திக்குவாய்.
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில்
பேசின் பிரிட்ஜில் ஒரு ரயிலே போய்விடும்.
யாரும் அவனுக்காகச் சொல்லி முடிக்கவில்லை.
காத்திருந்தார்கள்.

"ஆண்டவரே,
அருமைநாயகம் அண்ணனுக்குத்
தா... தா...
தாகம்.
அது எப்படியிருக்கும்னு
உமக்குத் தெரியும்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

ஒரு நாளைக்கு நாலு டம்ளர்.
மருந்துக்கு, சோற்றுக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து.
ராத்திரி அவர் ஈரத்துணியை
உதட்டில் வைத்துக்கொள்வதை
நான் யாரிடமும் சொன்னதில்லை.
இவன் எப்படி...
அடுப்பை அணைத்தேன்.
ஆமென் என்று வந்தது என் வாயில்,
பால் ஏடு மாதிரி, தானாக.

அந்த நேரம் பார்த்து
நைலான் கயிறு அறுந்தது.
பொருளாளர் தேவவரம்
காணிக்கைப் பையோடு தரையில்.
சில்லறை கட்டிலுக்கடியில் உருண்டது.
ஒரு நொடி அமைதி.
பிறகு ஒரு சிரிப்பு,
பழைய இருமலோடு சேர்ந்த சிரிப்பு,
கட்டிலிலிருந்து.
அவர்தான்.
கடைசியாக எப்போது கேட்டேன் அதை?
நானும் சிரித்தேன், வயிறு வலிக்க.
ஷமீம் தன் வாசலில் நின்று சிரித்தாள்.
ஆசீர்வாத ஜெபத்தைப் போதகர்
இரண்டு தடவை தொடங்கவேண்டி வந்தது.

காலையில் பார்க்கிறேன்,
நாலு நாற்காலி அப்படியே இருக்கிறது.
பியூலாவுக்குப் போன் போட்டேன்,
விட்டுட்டுப் போயிட்டீங்க என்று.
"யாருதுன்னு தெரியலையேக்கா,
அங்கயே கிடக்கட்டும்" என்கிறாள்,
முதுகில் பச்சைப் பெயிண்டில்
அவள் பெயரே எழுதியிருக்கும்போது.

ஜன்னலோரம் ஒன்றை இழுத்துப் போட்டு
அவர் ரயில் பார்க்கிறார்,
கையில் அரை டம்ளர் தேநீரோடு,
அவசரமில்லாமல்.
கால் உடைந்ததற்குப் புதுக் கயிறு கட்டினேன்.
கொஞ்சம் நொண்டுகிறது.
அது எனக்கு.