எட்டு மூலைக் கறுப்பு

வால்பரைசோவில், குன்றின் உச்சியில்,
கம்பி இழுக்கும் பெட்டிவண்டி வந்து நிற்கும் இடத்தில்
சீட்டுக் கொடுப்பவன் நான்.
ஏறி வருகிறவர்களின் பைகள்தான் முதலில் கண்ணில் படும்,
முகம் அப்புறம்.
யார் வீட்டில் இன்று மீன், யார் வீட்டில்
பொட்டலத்தைப் பிரித்தால் போதும்,
எல்லாம் எனக்குத் தெரியும்.

எர்மெலிண்டா துறைமுகத்துப் பக்கம் ஓர் ஓட்டலில்
நாளுக்குப் பதினான்கு குளியலறை கழுவுகிறாள்.
அவளுக்கு முன்னால்
அவள் கைகளின் குளோரின் நெடி என் கூண்டுக்கு வந்துவிடும்.
'உனக்கெதற்கு சீட்டு?' என்பேன்.
காசை வைத்துவிட்டுத்தான் போவாள்.

மார்ச்சில் பள்ளி திறந்ததும்
நிக்கானோர் ஒரு விளையாட்டைக் கற்று வந்தான்.
எங்கள் நாட்டில்
சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிஞ்சிப் போனால்
பொட்டலத்தின் நெற்றியில் எட்டு மூலைக் கறுப்பு முத்திரை.
அலமாரிக்கு முன் முக்காலி போட்டு ஏறி எண்ணினான்.
முப்பத்தொன்று.
வகுப்பில் வேறு யாருக்கும் இவ்வளவு இல்லையாம்.
'அப்பா, நாம் ஜெயித்துவிட்டோம்!'

அவள் சிரிக்கவில்லை.
அன்றிரவு வெள்ளை பீன்ஸை ஊறப் போட்டுவிட்டுப் படுத்தாள்.
அவள் கை கிடந்த தலையணையில் நீச்சல்குளத்தின் வாசனை.
இந்த நெடி வீட்டுக்குள்ளாவது
இல்லாமல் போகட்டும் என்று தோன்றியது எனக்கு.
தோன்றியதோடு விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை காலை, வண்டியில் ஏறிய ஒருத்தி
இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:
'வினிகர் போதும், தரை பளிச்சென்று ஆகிவிடும், ஆனால் ஒன்று,'
கதவு சாத்திக்கொண்டது.
குறிப்பின் மறுபாதி
கடல்மட்டத்துக்கு இறங்கிப் போய்விட்டது.

மதியம் வீட்டில் நான் மட்டும்.
மிச்சமிருந்த குளோரினைத் தீர்த்துவிடலாம் என்று
வாளியில் கொட்டினேன். மேலேயே வினிகர், ஒரு போத்தல் முழுதும்.
வாளி சீறியது.
தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்தார்கள்.
கதவு, சுவர், படி, படி, படி.
எதிர்வீட்டு அனக்லேட்டோ ஈரத்துண்டோடு ஓடி வந்து
என்னைத் தெருவில் உட்கார்த்தினான்.
கண்ணீர் கொட்டியது, அதில் வெட்கத்துக்கும் ஒரு பங்கு.

எர்மெலிண்டா வந்தாள்.
உள்ளே யாரும் இல்லையே என்று கேட்டாள், இருமுறை.
பிறகு:
'இரண்டையும் ஒரே வாளியிலா?
முதல் நாள் வேலையில் முதலில் சொல்லித் தருவதே
இதைச் செய்யாதே என்றுதான்.
என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?'

பதினொரு வருடம்.
எத்தனை குளியலறை என்று தெரியும் எனக்கு.
அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நெடி போகும் வரை படியில் உட்கார்ந்து கேட்டேன்.
எந்தப் போத்தல் கண்ணைக் கரிக்கும்,
கையுறை எத்தனையாவது அறையில் கிழியும்,
சன்னல் திறக்காத அறைகளில் எப்படி மூச்சு விடுவது.
இருட்டும் வரை சொன்னாள்.

இப்போது வினிகர் தனியாக, தண்ணீர் கலந்து, சன்னலுக்கு.
தீய்ந்த சட்டிக்குச் சமையல் சோடா, ஓர் இரவுப் பொறுமை.
எது துடைத்தாலும் முதலில் காற்றுக்கு வழி விடுவது;
கடற்காற்று எங்கள் குன்றில் வாடகை கேட்பதில்லை.
சந்தையில் கட்டுக்கட்டாய்த் தொங்கும் கடற்பாசியை
நிக்கானோர் 'ரப்பர்' என்றான்.
வெங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்ததும்
ரப்பரைத் தின்றுவிட்டுத் தட்டை நீட்டுகிறான்.

முத்திரைகள் ஒன்பதாகிவிட்டன.
அதில் இரண்டு என் மயோனைஸ் போத்தலில்.
அதைப் பற்றிப் பேச நான் தயாராக இல்லை.

வீட்டில் குளோரின் இல்லை.
அவள் கைகளில் இருக்கிறது, நாளையும் இருக்கும்.
பதினான்கு அறைகளுக்கு
எந்தப் பெண்ணும் வண்டியில் குறிப்புச் சொல்லிப் போவதில்லை.

சாயங்காலம்
எலுமிச்சையை இரண்டாக நறுக்குகிறாள்.
ஒரு பாதியை என் பக்கம் தள்ளுகிறாள், பிறகு மற்றதையும்.
'நீ பிழி,' என்கிறாள்,
'என் கை எரியும்.'