நான்காம் கேள்வி

“வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவீர்?
காரணங்களுடன் விளக்குக. இருபது புள்ளிகள்.”

பரீட்சகர் அவர்களே,
சூத்திரம் முதல் பக்கத்தில் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கும்.
மிச்சம் இது.

மார்கழி பத்தொன்பதாம் திகதி. மூன்றாம் நாள் மழை.
களப்பயிற்சிக்கு ஐந்து பேர், ஒரு தோணி, ஒரு உப்புமானி,
சொப்பிங் பையில் சுற்றிய பதிவுக் கொப்பி.
வாவிக்குள் நட்ட அளவுக் கம்பத்தில்
வெள்ளை இலக்கங்கள் ஒவ்வொன்றாய்க் குளிக்க இறங்கின.
பகலில் எல்லோரும் பார்த்தோம்: டிலுக்சி வாசிப்பாள்,
நிலூக்கா சிங்களத்தில் திருப்பிச் சொல்வாள்,
றிஸ்மினா எழுதுவாள்.
இரவில் ஆளுக்கொரு முறை. தனியே. ஒரு டோர்ச்.

படுவான்கரையில், வெல்லாவெளிக்கு இந்தப்பக்கம்,
வட்டவிதானை இடுப்பளவு தண்ணீரில் நின்று சொன்னார்:
“பயிர் மூணு நாள் மூச்சடக்கும் புள்ள.
மறுகா நீங்க எழுதுறத ஆருக்குக் காட்டப்போறீங்க?”
எழுவான்கரையில், வலை உலர்த்த வெயிலில்லாமல்,
றோசலின் அக்கா சொன்னா:
“இறால் இன்னும் விரல்மொத்தம் வரல்ல. இப்ப வெட்டினா
கடலுக்குத்தான் சமைச்சுக் குடுக்கிற.”
கொப்பியில் இவற்றுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினோம்.

என் வீட்டுக் கிணற்றையும் சொல்லவேண்டும்.
கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்; மணலுக்குள் உப்பு;
உப்பின்மேல் மிதக்கிறது எங்கள் குடிதண்ணீர்,
ஒரு முழமோ இரண்டு முழமோ.
இறைத்த கிணறு ஊறும் என்பார்கள்.
சுனாமிக்குப் பிறகு ஊரே இறைத்தது, மோட்டர் வைத்து இறைத்தது.
ஊறியது உப்பு.
நான் பிறக்கமுன் நடந்தது, பாடத்தில்தான் படித்தேன்.
படித்த அன்று வீட்டுக்குப் போய்
வாளியை மெதுவாக இறக்கினேன்.
வாவி வடிந்தால் மணலுக்குள் நன்னீரும் பின்னால் வடியும்.
ஆகவே வெட்டாமல் விடுவது எனக்கு நல்லது.
இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இருபதாம் திகதி, இரவு பதினொரு மணி, என் முறை.
அலை தளும்பியது. கம்பத்தில் தண்ணீர்
எண்பத்தேழுக்கும் எண்பத்தெட்டுக்கும் இடையில் ஏறி இறங்கியது.
எண்பத்தேழு என்று எழுதினேன்.
எண்பத்தெட்டு என்று தெரிந்துதான் எழுதினேன்.

அடுத்தது லோகிதன். அவன் அப்பாவின் நாலு ஏக்கர்
அந்த வட்டவிதானையின் வட்டைக்குள்தான் தாழ்ந்து கிடந்தது.
பன்னிரண்டு மணிக்கு அவன் எழுதியது தொண்ணூற்றுநான்கு.

ஒரு மணித்தியாலத்தில் ஏழு சென்ரிமீற்றர்!
வானமே பிளந்தாலும் எங்கள் வாவி அப்படி ஏறாது.
விடிய, றிஸ்மினா வரைபுத்தாளில் புள்ளி வைத்தாள்.
கோடு துள்ளியது. பென்சிலைக் கீழே வைத்தாள்,
எங்கள் இருவரையும் பார்க்காமல்
தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

“நீ கண்டது எத்தின?” என்றான் லோகிதன்.
“எண்பத்தெட்டு.”
“நான் எண்பத்தொம்பது.”

பதிவுக் கொப்பியில் அழிறப்பர் கூடாது.
பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு,
பக்கத்தில் கண்ட எண், கையொப்பம், நேரம்.
இரண்டு கோடு கீறினோம். இரண்டு கையொப்பம்.
அந்தத் தாளையே கச்சேரிக்குக் கொண்டுபோனோம்,
வெட்கம் தெரியும்படி.

கச்சேரியில் கூட்டம் வைத்தார்கள், பெக்கோவுக்குச் சொன்னார்கள்.
இருபத்துமூன்று விடியப்புறம், பெக்கோ வரமுன்
வாவி தானாகவே உடைத்துக்கொண்டு போனது,
நாங்கள் கொடி நட்ட இடத்துக்கு வடக்கே, நாலு தென்னை தள்ளி.

எனவே “எப்போது” என்பதற்கு என் விடை:
இரண்டு கரையிலிருந்தும் ஆள் வந்து
ஒரே கம்பத்தை ஒரே நேரத்தில் வாசித்த பிறகு.
வாவி அதுவரை காத்திருந்தால்.

இன்னும் ஐந்து நிமிடம் என்கிறார்கள்.
புள்ளி போடும்போது
அந்த ஒரு சென்ரிமீற்றரைக் கழித்துக்கொள்ளுங்கள்.