கீழே கிடந்த சொல்

மழை விட்ட மறுநிமிடம் தொழிலுக்கு நல்ல நேரம்.
தெருக்கல் நனைந்து கிடக்கும்,
பித்தளைகூட ஒரு கணம் பெரிய இடத்துப் பிள்ளையாகத் தெரியும்.
லண்டன், செயின்ட் ஜைல்ஸ். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறோ என்னவோ.
ஃபெலிம் ஒரு மோதிரத்தை நழுவவிடுகிறான்,
முகம் மட்டும் தும்மலை அடக்குகிறவனைப் போல.

பின்னால் வந்த வண்டிக்காரன் குனிகிறான்.
இவனும் குனிகிறான்.
தலைகள் முட்டிக்கொள்ளாத குறை.
"இருவரும் கண்டோம், இருவருக்கும் பங்கு" என்கிறான் ஃபெலிம்,
பெரிய நியாயஸ்தன்.
சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தால்
நகைக்கடை ரசீது. ஒன்பது பவுன், கையெழுத்தோடு.

ரசீது ஊனாவின் கைவேலை,
நிலவறையில், மெழுகுவத்தியின் மிச்சத்தில்.
அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
எப்போதோ கிடைத்த ஒரே ஒரு ரசீதைப் பார்த்து
அப்படியே வரைவாள்,
மை கொட்டிய இடம் உட்பட.

அவர்கள் அயர்லாந்தில் விட்டு வந்த பேச்சில்
மோதிரத்துக்குப் பெயர் ஃபான்யே.
கல்யாணத்தன்று போடுவது,
சாவன்று யாரோ கழற்றுவது.
கடல் தாண்டிய வாயில் அது ஃபானி ஆயிற்று.
திருடர் பாஷையில் ஃபானி என்றால் முலாம் பூசிய பித்தளை.
பிறகு பித்தளையும் தேவைப்படவில்லை,
எது பொய்யோ அதெல்லாம்.

வண்டிக்காரன் பெயர் ஜேபஸ் தர்லோ.
பன்னிரண்டு ஷில்லிங் கொடுத்தான்,
கடைசி ஷில்லிங்கைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு.

மூன்று வாரம் கழித்து அதே தெருவில் வந்து நின்றான்.
ஊனா சந்துக்குள் மறைந்தாள்.
ஃபெலிம் ஓடுவதற்கு ஒரு காலைத் தூக்கியாயிற்று.
ஜேபஸ் தொப்பியைக் கழற்றினான்.
"தொளதொளவென்று இருக்கிறது. கெசியாவுக்கு விரல் மெலிசு.
ஒரு சுற்றுச் சின்னதாய் ஒன்று
கீழே போட முடியுமா?"

ஃபெலிம் வானத்தைப் பார்த்தான். மழைக்குறி இல்லை.
இருந்தாலும் போட்டான்.
ஜேபஸ் நாலெட்டு தள்ளிப் போய்த் திரும்பி நடந்து வந்து
கண்டெடுத்தான். ஆச்சரியம்கூடப் பட்டான்.
"இருவரும் கண்டோம்" என்று இவன் தொடங்கினான்,
பழக்கதோஷம்.
இம்முறை ரசீது கிடையாது.
பித்தளையின் விலை, ஆறு பென்ஸ்.

நான் கட்டிய கதைதான் இது.
அகராதியில் இருப்பது இரண்டே வரி,
அதிலும் ஓர் 'இருக்கலாம்'.

சொல் மட்டும் மறுபடி கப்பலேறி அமெரிக்காவில் இறங்கியது.
அங்கே யாரோ அதன் எஃப்பைக் கழற்றிவிட்டு
பியையும் ஹெச்சையும் சேர்த்து மாட்டினார்கள்,
தத்துவமும் புகைப்படமும் போட்டுக்கொள்ளும் கிரேக்கச் சட்டை.
டெலிபோனின் தம்பி என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.
பொய்யைச் சொல்லும் சொல்லுக்கு
எழுத்திலேயே ஒரு முலாம்!
ஃபெலிமின் பெயரையும்
குமாஸ்தாக்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

எனக்கும் சபலம் தட்டியது.
ஃபோனி, போலி.
ஓரெழுத்துதானே இடிக்கிறது, உறவு சொல்லிவிட்டால் என்ன?
ரசீதுகூட வரைந்துவிட்டேன்,
மை கொட்டிய இடம் உட்பட.
பிறகு கிழித்தேன்.
நம் போலி 'போல'வின் வயிற்றில் பிறந்தது,
கவிதைக்காரன் கடையில் உள்ள ஒரே முதல்.
அறம் நிற்க வேண்டிய இடத்தில் அறன் வந்து நின்றால்
இலக்கணம் அதையும் போலி என்றுதான் எழுதிக்கொள்கிறது,
பொருள் குறைவதில்லை,
யாரும் காவலரைக் கூப்பிடுவதில்லை.

ஹார்ட்ஃபர்ட்ஷையரில் கெசியா
அடுப்படிப் பாத்திரங்களைத் துலக்கி முடித்தாயிற்று.
விரலைச் சுற்றிப் பச்சை ஏறி வருடங்கள் ஆகின்றன,
மோதிரத்தைக் கழற்றினாலும் அது கழல்வதில்லை.
விரலைப் பார்க்கிறாள், விட்டுவிடுகிறாள்.
மோதிரத்தை மட்டும்
சாம்பல் தொட்டுத் தேய்க்கிறாள்.