கடைவாய்ப் பல்

பாம்பன் ஐஸ் கம்பெனியில்
சீட்டுக் கிழிக்கிறவன் நான்.
பெயர் களஞ்சியம்.
பேருக்கேற்ற பேச்சு என்பார்கள்,
புகழ்ச்சி என்றே நினைத்திருந்தேன்.

'நேத்து ராத்திரி வலையில' என்று
யாராவது தொடங்கினால் போதும்.
'எனக்கும் ஒருதடவை இப்படித்தான்' என்று
அவர்கள் கடலை இழுத்து வந்து
என் கரையில் கட்டிவிடுவேன்.
இத்தனைக்கும் நான் கடலுக்குப் போனதில்லை.
படகில் ஏறினாலே வாந்தி.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால்
மறுமுனை மெல்ல மேலே எழும்பும்.
பெஞ்சுக்குக் கால் சரியில்லை என்று
கடைக்காரரிடம் சண்டை கூடப் போட்டிருக்கிறேன்.

படகு போகப் பாலமே தூக்கி வழிவிடுகிற ஊரில்
ஒரு வாக்கியத்துக்கு வழிவிடத் தெரியாமல்
நாற்பத்தாறு வருஷம்.

கார்த்திகையில் கடைவாய்ப் பல் சீழ் பிடித்தது.
ராமநாதபுரத்து டாக்டரம்மா பிடுங்கிப் பஞ்சு வைத்து
'ஒரு வாரம் வாயத் தொறக்காதீங்க' என்றாள்.
பக்கத்தில் நின்ற என் மனைவி
அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.

மறுநாள் சந்தியாகு எட்டு பார் ஐஸுக்கு வந்தார்.
'விசிறி வளைஞ்சு போச்சு' என்றார்.
தலையாட்டினேன், வேறு வழியில்லை.
சீட்டை வாங்கியவர் நகரவில்லை.
கிரஷர் ஓடி நின்றது.
'விசிறி கெடக்கட்டும் களஞ்சியம்,
தூத்துக்குடில படிக்கிற புள்ள
பத்து நாளா போன எடுக்கல.'

அன்றைக்குத்தான் பிடிபட்டது.
முதலில் சொல்வதெல்லாம் முன்பணம்.
மிச்சத்தை மடியிலேயே வைத்திருக்கிறார்கள்,
வாங்கிக்கொள்ள ஆள் நின்றால்
எடுத்துத் தருகிறார்கள்.

நம்புச்செல்வி பாசி எடுத்துவிட்டு
குளிர்ந்த தண்ணிக்கு வருவாள், தினமும்.
விரல்களில் துணி சுற்றியிருப்பதை
அந்த வாரம்தான் பார்த்தேன்.
'பாரு கிழிச்சிருச்சு' என்றாள்.
எனக்குப் பார் என்றால் ஐம்பது கிலோ, விலை, பாக்கி.
அவளுக்கு அது தண்ணிக்கடியில் கிடக்கிற கத்தி.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை வருஷம் வேறு வேறு ஊரில் இருந்திருக்கிறோம்!

மறுநாள் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினேன்:
கை எப்படி?
வாசித்தாள். என் பேனாவையே வாங்கி
கீழே எழுதினாள்: தேவலை. பல் எப்படி?
அந்தச் சீட்டு தவறிக் கணக்கில் சேர்ந்துவிட,
முதலாளி சீனிக்காதர் கண்ணாடியைத் தூக்கி
'இது எந்தக் கணக்குப்பா, கை எப்படி, பல் எப்படி?'
என்று கேட்டுவிட்டு,
கொஞ்ச நேரம் கழித்து
தன் சர்க்கரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

எட்டாம் நாள் பேச்சு வந்தது.
கூடவே பழைய புத்தியும்.
சந்தியாகு வாசலிலேயே சிரித்தார்:
'நேத்து ராத்திரி போன் பண்ணுச்சு புள்ள…'
எனக்கும் ஒருதடவை என்று
நாக்கு கிளம்பிவிட்டது.
கிளம்பிய நாக்கு எங்கே போச்சோ,
பல் இருந்த குழிக்குள் போய் விழுந்தது.
அங்கேயே கிடந்தது,
ஓட்டையில் பதுங்கின நண்டு போல.
'அப்புறம்?' என்றேன்.

அந்த ஒரு சொல்லில்தான் இப்போது பிழைப்பு.
திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
போன வெள்ளிக்கிழமை தங்கச்சிமடத்துக் கல்யாணத்தில்
என் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனைப் பந்தி முடியும்வரை சொன்னேன்.
எதிரில் இருந்தவர் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்தார்.
ரசம் வரும்போதே குழியைத் தேடியிருக்க வேண்டும்.

ஆனாலும் பெஞ்சு இப்போது பெரும்பாலும்
தரையோடு இருக்கிறது.
நேற்று அதில் இடமில்லாமல்
நின்றுகொண்டே டீ குடித்தேன்.

டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து போன்.
அந்த இடத்தில் பல் வைத்துக்கொள்ளலாமாம்,
ஆறாயிரம் ஆகுமாம்.
அந்தப் பெண் முழுதும் சொல்லி முடிக்கட்டும் என்று
காத்திருந்தேன்.
யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.